மீட்டிங்கில் பேச நெஞ்சு அடைக்கிறதா? டொராண்டோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, வேலை நன்றாகப் போகிறது, ஆனால் மீட்டிங்கில் வாய் திறக்க வேண்டும் என்றால் நெஞ்சு அடைக்கிறது, கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய நான் கனடா வந்து ஏன் இப்படி ஆனேன், ஆக்சென்ட் மாற்றும் வகுப்பில் சேரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வகுப்புக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள்.

டொராண்டோவில் ஏறக்குறைய பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். உங்கள் டீமிலேயே சீனர், ஈரானியர், பிரேசில்காரர் என்று ஆளுக்கொரு உச்சரிப்பு இருக்கும். நாம் பேசுவது அவர்களுக்குப் புரியாமல் போவதற்கு ஆக்சென்டை விட வேகம்தான் பெரிய காரணம். பதற்றம் வந்தால் நாம் இன்னும் வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறோம். இங்கே கேட்கிறவர்கள் எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்பதை வைத்துத்தான் பொருளைப் பிடிக்கிறார்கள். முக்கியமான சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தி, அதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பாருங்கள். தெர்ட்டீன், தெர்ட்டி மாதிரி குழப்புகிற எண்களைப் பேசும்போதே ஸ்கிரீனிலும் காட்டிவிடுங்கள்.

அடுத்தது, நம் ஊர்ப் பேச்சுப் போட்டிப் பழக்கம். அதில் மனப்பாடம் செய்து, குரலை உயர்த்தி, படிப்படியாக ஏற்றிக் கடைசியில் கைதட்டல் வாங்குவோம். அந்தத் திறமை வீண்போகாது, மேடை பழகிய ஆளுக்குப் பாதிப் பயம் முன்னமே போயிருக்கும். ஆனால் ஆபீஸ் மீட்டிங்கில் அந்த வரிசை அப்படியே தலைகீழ். என்ன நடந்தது, யாரிடம் கேட்டேன், அவர் என்ன சொன்னார் என்று காரணங்களை எல்லாம் அடுக்கி முடிவுக்கு வருவதற்குள் மேனேஜர் குறுக்கே பேசிவிடுவார். "வெள்ளிக்கிழமை முடியாது, செவ்வாய்க்கிழமை தந்துவிடுவேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், காரணம் இரண்டு அதற்கப்புறம் போதும். நான் இங்கே பார்த்த வரையில், நம்மவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தும் கவனிக்கப்படாமல் போவதற்கு இந்த ஒரு விஷயம்தான் பெரும்பாலும் காரணம். முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். முதல் இரண்டு வாக்கியம், கடைசி வாக்கியம் இவை மட்டும் வாயில் நிற்கட்டும். நடுவில் சொல்ல வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று சொல்லாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தெரிந்தும் பயம் போகாது. வாரா வாரம் நாலு பேர் முன்னால் நின்று பேசினால்தான் போகும், அதுவும் உங்கள் சம்பளத்தையோ பிரமோஷனையோ தீர்மானிக்காத நாலு பேர் முன்னால். அதற்கு எனக்குத் தெரிந்து, மேடைப் பேச்சு பழகுகிறவர்கள் கூடும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பைப் போல மலிவான, நல்ல இடம் வேறு இல்லை. 1924-ல் கலிபோர்னியாவின் சான்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஆரம்பித்தது, இப்போது உலகம் முழுக்க இருக்கிறது. ஆறு மாதத்துக்கு 60 அமெரிக்க டாலர், சேரும்போது ஒரே ஒரு முறை இன்னொரு 20. சில கிளப்புகள் தங்கள் செலவுக்கு மேலே கொஞ்சம் வாங்கும். விருந்தாளியாகப் போய் உட்கார்ந்து பார்க்கப் பெரும்பாலும் காசே இல்லை, பேசச் சொல்லிக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லலாம்.

அங்கே முதல் பேச்சு உங்களைப் பற்றியே, நாலிலிருந்து ஆறு நிமிடம். நாலாவது நிமிடத்தில் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு அட்டை காட்டுவார்கள். ஒருவர் நீங்கள் எத்தனை முறை "ஆ", "சோ", "ஆக்சுவலி" என்றீர்கள் என்று எண்ணுவார். இன்னொருவர் இரண்டு மூன்று நிமிடம் எழுந்து நின்று உங்கள் பேச்சில் எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று சொல்வார். உண்மையான பலன் இதில்தான். எங்கள் கிளப்பில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். முதல் பேச்சில் கழுத்தில் கிடந்த ஸ்கார்ஃபை முறுக்கிக்கொண்டே கடகடவென்று பேசி முடித்துவிட்டார். அவரை மதிப்பிட்டவர் அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்கள் அம்மா வழியனுப்பியதைச் சொன்ன இடத்தில் நீங்களாகவே மெதுவாகிவிட்டீர்கள், அங்கே ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது, மற்ற இடத்தையும் அதே வேகத்தில் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான். அடுத்த பேச்சில் அக்காவின் குரலே வேறாக இருந்தது, கை தானாகவே அமைதியாகிவிட்டது.

டேபிள் டாபிக்ஸ் என்று ஒரு பகுதி வரும், அந்த நொடியில் ஒரு தலைப்பைத் தந்து ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். அதைத் தவிர்க்காதீர்கள். மீட்டிங்கில் திடீரென்று "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் திணறுவதற்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆக்சென்ட் கவலை இன்னும் இருந்தால், டோஸ்ட்மாஸ்டர்ஸின் உலகப் பேச்சுப் போட்டியில் 2014-ல் ஜெயித்தவர் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி, 2015-ல் ஜெயித்தவர் சவூதியின் முகமது கஹ்தானி. கஹ்தானி சின்ன வயதில் திக்குவாயால் கஷ்டப்பட்டவர். இரண்டு பேர் பேச்சும் யூடியூபில் இருக்கிறது, கேளுங்கள்.

கிளப்புக்குப் போவது இப்போதே பெரிய தாவலாகத் தோன்றினால், டொராண்டோ பொது நூலகத்தில் புதிதாக வந்தவர்களுக்காக நடக்கும் இலவச ஆங்கில உரையாடல் வட்டத்தில் ஆரம்பியுங்கள், உட்கார்ந்தபடியே பேசலாம். ஆபீஸில் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று: மேனேஜரிடம் போய், அடுத்த டீம் மீட்டிங்கில் என் வேலையைப் பற்றிச் சொல்ல இரண்டு நிமிடம் கொடுங்கள் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். கூப்பிடுவார்களோ என்று காத்திருக்கும்போது வருகிற படபடப்பு, நேரம் முன்னமே குறித்திருந்தால் பாதியாகக் குறையும்.

கிளப்புக்குக் கிளப் ஆட்கள் மாறும், அதனால் இரண்டு மூன்று இடம் பார்த்துவிட்டுச் சேருங்கள். புதிதாக வந்தவரிடம் யாராவது தானாக வந்து பேசுகிறார்களா, மதிப்பிடுகிறவர் பொத்தாம்பொதுவாகப் பாராட்டாமல் குறிப்பாக எதையாவது சொல்கிறாரா என்று கவனியுங்கள். பல கம்பெனிகள் இந்தச் சந்தாவைப் பயிற்சிச் செலவில் கொடுத்துவிடும், கட்டுவதற்கு முன்னால் உங்கள் ஹெச்ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.