பாட்டியின் கடைசிப் பிரார்த்தனைக்கு அம்மா உள்ளே போக முடியுமா?

கேள்வி: என் அம்மா பார்சி. அப்பா திருநெல்வேலிக்காரர். 1988-இல் மும்பையில் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அம்மா மதம் மாறவில்லை. இன்றும் காலையில் குளித்ததும் சுத்ரே என்ற புனித உள்சட்டையின் மேல் குஸ்தி என்ற புனிதக் கயிற்றை முடிந்துகொண்டுதான் அடுப்படிக்குள் நுழைவார். தெற்கு குஜராத்தில் ஒரு சிறிய ஊரில் இருந்த தாத்தா போன வருடம் காலமானார். வெளியே கல்யாணம் செய்துகொண்டவர் என்று சொல்லி அந்த ஊர் அஞ்சுமன் (பார்சி சமூக அறக்கட்டளை) அம்மாவைப் பிரார்த்தனைக் கூடத்துக்குள் விடவில்லை. அம்மா வாசல் பக்கம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளைப் புடவையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளிருந்து கேட்ட மந்திரத்தைக் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இப்போது மாமா ஒரு விடுதலைப் பத்திரத்தை (சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) அனுப்பியிருக்கிறார். "நீ பார்சியே இல்லை, அப்பா சொத்தில் உனக்குப் பங்கு கிடையாது. கையெழுத்துப் போட்டால் அம்மா காரியத்துக்காவது உன்னை உள்ளே விடச் சொல்லி அஞ்சுமனிடம் பேசுகிறேன்" என்கிறார். பாட்டிக்கு 84 வயது, படுத்த படுக்கை. தாத்தா உயில் எழுதவில்லை. ஊரில் சொந்த வீடு, வங்கி டெபாசிட், கொஞ்சம் பங்குகள் இருக்கின்றன. மும்பையில் ஒரு பார்சி டிரஸ்டின் பாகில் (பார்சிகளுக்கான குடியிருப்பு) தாத்தா பெயரில் வாடகை வீடு உண்டு. அதில் மாமா குடும்பம் பல வருடமாக இருக்கிறது. எனக்கும் நவ்ஜோத் (பார்சி மதத்தில் சேர்க்கும் சடங்கு) செய்துகொள்ள ஆசை. நாங்கள் என்ன செய்வது? — முலுண்டிலிருந்து ஒரு வாசகி.

பதில்: முதல் காரியம், அந்தப் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போடவே கூடாது. இன்று ராத்திரி மாமா போன் செய்து அழுதாலும் போடக் கூடாது. உங்கள் மாமா இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டு அம்மாவிடம் நீட்டுகிறார். தாத்தாவின் சொத்தில் பங்கு என்பது நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் எழுதி வைத்திருப்பது. பிரார்த்தனைக் கூடத்து வாசல் அஞ்சுமன் அறங்காவலர்கள் கையில் இருப்பது. முதலாவதைப் பறிக்க மாமாவுக்கு அதிகாரம் இல்லை, இரண்டாவதைக் கொடுக்கவும் இல்லை. தன்னிடம் இல்லாத ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லி அம்மாவுடையதை எழுதி வாங்கப் பார்க்கிறார்.

சொத்து விஷயம் நேரானது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். உயில் எழுதாமல் இறந்த பார்சியின் சொத்து யாருக்குப் போகும் என்பதை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 50 முதல் 56 வரையிலான பிரிவுகளில் தனியாகச் சொல்கிறது. 51-ஆம் பிரிவின்படி மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமப் பங்கு. இறந்தவரின் தாய் தந்தை உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் உண்டு. 84 வயதுப் பாட்டியின் கணவர் என்பதால் அந்தக் கேள்வி இங்கே எழாது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆக பாட்டிக்கு மூன்றில் ஒன்று, மாமாவுக்கு மூன்றில் ஒன்று, அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. ஒரு காலத்தில் பெண்ணுக்கு ஆணின் பங்கில் பாதிதான் இருந்தது. 1991-இல் திருத்தம் வந்து அது போய்விட்டது. பழைய கணக்கைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதை நம்பிவிடாதீர்கள்.

வெளியே கல்யாணம் செய்த மகளுக்குப் பங்கு இல்லை என்று அந்தப் பிரிவுகளில் ஒரு வரிகூடக் கிடையாது. இறந்தவர் பார்சியா என்றுதான் சட்டம் பார்க்கிறது. தாத்தா பார்சி, அம்மா அவருடைய பிள்ளை, விஷயம் அவ்வளவுதான். பேச்சுக்கு, அம்மா நாளைக்கே பார்சி இல்லை என்று ஒரு நீதிமன்றம் சொன்னாலும் தாத்தாவுக்கு மகள் இல்லை என்று ஆகிவிடாது.

வங்கியிலும் டீமேட் கணக்கிலும் மாமாதான் நாமினி என்று அடுத்து ஒரு பேச்சு வரும், பாருங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர், அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொல்லிவிட்டது. அதனால் வங்கிக்கும் பங்குகளை வைத்திருக்கும் டெபாசிட்டரிக்கும், "எங்களுக்கும் பங்கு உண்டு, எங்களைக் கேட்காமல் தொகையைப் பட்டுவாடா செய்ய வேண்டாம்" என்று இந்த வாரமே பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள். ஊர் வீட்டுக்கு, நகர அளவை அலுவலகத்தில் வாரிசுகளாக மூன்று பெயரையும் ஏற்றச் சொல்லி மனுக் கொடுங்கள். மாமா ஒத்துவராவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு போடலாம். அதில் அம்மா பக்கம் பலமாகவே இருக்கிறது.

பாக் வீட்டைப் பற்றி உங்களுக்கு இனிப்பாக எதுவும் சொல்ல முடியவில்லை. அது டிரஸ்டின் சொத்து, தாத்தா வாடகைக்காரர். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வாடகைக்காரர் இறக்கும்போது அவரோடு அந்த வீட்டில் குடியிருந்த குடும்பத்தாருக்குத்தான் வாடகை உரிமை முதலில் போகும். தாத்தா கடைசியில் ஊரில்தான் இருந்தார் என்று அம்மா வாதம் செய்யலாம், ஆனால் டிரஸ்டும் மாமாவும் ஒரு பக்கம் நின்றுகொள்வார்கள். அது வாடகையே இல்லை, லைசென்ஸ்தான் (தங்க மட்டும் கொடுத்த அனுமதி) என்றால் கேட்க ஒன்றுமே இல்லை. அந்த வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, இனி அந்த வாசல். உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை வாசித்தேன், இரண்டு முறையும் அந்த பெஞ்சு இருந்த வரியில்தான் நின்றேன்.

வெளியே கல்யாணம் செய்த மகனுக்கு இப்படி நடப்பதில்லை. அவர் உள்ளே போகிறார், அவருடைய பிள்ளைகளுக்கு நவ்ஜோத்தும் நடக்கிறது. இந்த வித்தியாசத்துக்குக் காட்டப்படும் ஆதாரம் 1908-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு, பெட்டிட் எதிர் ஜீஜீபாய் வழக்கு. ரத்தன்ஜி தாதாபாய் டாடா மணந்த பிரெஞ்சுப் பெண் சுசான் பிரியேர் (ஜே.ஆர்.டி. டாடாவின் தாயார்) முறைப்படி நவ்ஜோத் செய்துகொண்டும், பார்சி டிரஸ்டுகளின் அக்கினிக் கோயிலிலும் மௌன கோபுரத்திலும் (இறந்தவரின் உடலை வைக்கும் இடம்) அவருக்கு உரிமை உண்டா என்று கேள்வி வந்தது. மதம் மாறிச் சேர பார்சிகளின் மதமான ஜரதுஷ்டிர நெறியில் தடை இல்லை, ஆனால் இந்த டிரஸ்டுகள் அப்படிச் சேர்ந்தவர்களுக்காக ஏற்பட்டவை அல்ல என்று தீர்ப்பானது. கூடவே, யாரெல்லாம் பார்சி என்று நீதிபதி தாவர் ஒரு பட்டியல் சொன்னார். பாரசீகத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்து, பெற்றோர் இருவரும் ஜரதுஷ்டிரராக இருப்பவர்கள். அந்த மதத்தைப் பின்பற்றும் இரானிகள். வேற்றுப் பெண்ணிடம் பார்சித் தந்தைக்குப் பிறந்து முறைப்படி மதத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள். பார்சித் தாய்க்கும் வேற்றுத் தந்தைக்கும் பிறந்த பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பட்டியல்படி பார்த்தாலும் உங்கள் அம்மா பார்சிதான். பெற்றோர் இருவரும் ஜரதுஷ்டிரர், தானும் அந்த மதத்தை விடவில்லை. கல்யாணம் அவரை வெளியேற்றியது என்று அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது?

அந்தக் கருத்து வந்தது 2012-இல், குஜராத் உயர் நீதிமன்றத்திலிருந்து. வல்சாடைச் சேர்ந்த குல்ரோக் குப்தா, 1991-இல் சிறப்புத் திருமணச் சட்டப்படி ஓர் இந்துவை மணந்தவர். தன் பெற்றோரின் இறுதிச் சடங்கில் தன்னை அனுமதிக்க வேண்டும் என்று அவர் வழக்குப் போட்டார். மூன்று நீதிபதிகளில் இருவர், கல்யாணத்தோடு பெண்ணின் மதம் கணவனின் மதத்தில் கலந்துவிட்டதாகக் கருதலாம் என்றார்கள். நீதிபதி அகில் குரேஷி மட்டும் அதை ஏற்கவில்லை. என் மனம் அவர் பக்கம்தான். யாரும் மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ளத்தானே அந்தச் சட்டமே வந்தது. அதன்படி கல்யாணம் செய்ததையே மத மாற்றமாகக் கருதினால், சட்டம் கொடுத்ததைத் தீர்ப்பு பிடுங்கிக்கொண்டதாக ஆகிறது.

குல்ரோக் உச்ச நீதிமன்றம் போனார். 2017 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்யாணத்தால் மதம் கலந்துவிடும் என்ற கருத்தை முதல் பார்வையிலேயே சந்தேகத்தோடு பார்த்தது. கொஞ்சம் இளகக் கூடாதா என்று வல்சாட் அஞ்சுமனிடம் கேட்டது. டிசம்பர் 14-ஆம் தேதி, பெற்றோரின் இறுதிப் பிரார்த்தனையில் அவரை அனுமதிப்பதாக அஞ்சுமன் சொல்லிவிட்டது. மதம் கலந்துவிடுமா என்ற பெரிய கேள்வி, 2019-இல் சபரிமலை வழக்கில் எழுந்த கேள்விகளோடு சேர்ந்து ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போயிற்று. இந்தியா முழுவதற்கும் கடைசிச் சொல் அந்த அமர்வுதான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு இதில் முக்கியமானது தேதி. குல்ரோக்கின் பெற்றோர் உயிரோடு இருந்தபோதே அவர் கேட்டார், அதனால்தான் கிடைத்தது. பார்சிகளின் இறுதிச் சடங்கு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஸச்கார் (உடலைக் குளிப்பாட்டி உடுத்தும் சடங்கு) முடிந்து கேஸர்னா (இறுதி மந்திரம்) ஓதத் தொடங்கிவிட்டால் பார்சி அல்லாதவர்கள் முகம் பார்க்கக்கூட வழி இல்லை. பாட்டி கண் மூடிய பிறகு வக்கீலைத் தேடி, மனுத் தயாரித்து, நீதிபதி முன் நிற்பதற்குள் எல்லாம் ஆகிவிடும். செய்ய வேண்டியதை இப்போதே, பாட்டி இருக்கும்போதே செய்யுங்கள்.

அம்மா தன் பெயரில் அஞ்சுமன் அறங்காவலர்களுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், முதல் கடிதம் மகள் எழுதுவதாகவே இருக்கட்டும், குஜராத்தியில் எழுதினால் இன்னும் நல்லது. தான் மதம் மாறவில்லை என்பதையும், வல்சாட் அஞ்சுமன் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதையும் சொல்லி, தாயின் கடைசிப் பிரார்த்தனையிலும் மூன்றாம் நாள் உத்தம்ணா பிரார்த்தனையிலும் உட்கார அனுமதி கேட்கட்டும். அந்த ஒப்புதல் ஒரு குடும்பத்துக்காகச் செய்தது, மற்ற அஞ்சுமன்களை அது சட்டப்படி கட்டாது. ஆனால் அடுத்த ஊரில் நடந்ததைக் காட்டும்போது இவர்களுக்கு மறுப்பது கஷ்டம்.

கடிதத்தோடு சான்றுகளையும் வையுங்கள். அம்மாவின் நவ்ஜோத் போட்டோ இருந்தால் எடுங்கள். முன்னோரை நினைக்கும் முக்தாத் நாட்களில் பிரார்த்தனைக்குக் கொடுத்த பணத்தின் ரசீதுகள், உத்வாடா அக்கினிக் கோயிலுக்குப் போய்வந்த படங்கள், அம்மாவை அறிந்த ஒரு தஸ்தூரின் (பார்சி குரு) கடிதம், இவையெல்லாம் பெட்டியில் கிடக்கும். தன் மதத்தை அம்மா இத்தனை வருடமாகத் தொடர்ந்து வருவதாக ஒரு பிரமாணப் பத்திரமும் வேண்டும். இடுப்பைச் சுற்றி மூன்று சுற்று வரும் அந்த 72 இழைக் கம்பளிக் கயிற்றை முப்பது வருடத்துக்கு மேலாக, யாரும் பார்க்காத சமையலறை வாசலில் நின்று தினமும் முடிந்துகொண்டிருக்கிறார். பிரமாணப் பத்திரத்தில் அதை அப்படியே எழுதுங்கள். இதைவிட நல்ல சாட்சியம் எந்த வழக்கிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்று, பாட்டிக்கு நினைவு தெளிவாக இருந்தால், "என் மகள் என் பிரார்த்தனையில் உள்ளே உட்கார வேண்டும்" என்று அவரும் ஒரு கடிதம் எழுதட்டும். டாக்டர் ஒருவரும் குடும்பத்துக்கு வெளியே ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அறங்காவலர்களை அது சட்டப்படி கட்டிவிடாது. ஆனாலும் தங்கள் ஊரிலேயே பிறந்து வாழ்ந்த ஒரு மூதாட்டி கைநடுங்க எழுதிய காகிதத்தைப் புறந்தள்ள மனம் வராது என்றுதான் நினைக்கிறேன். அதே காகிதத்தில் சொத்துப் பேச்சு ஒரு வரிகூட வர வேண்டாம். பாட்டி தன் மூன்றில் ஒரு பங்கை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், மாமாவுக்கே எழுதினாலும் அது அவர் இஷ்டம்.

பதினைந்து நாள் பார்த்தும் பதில் இல்லையென்றால், அல்லது மறுத்தால், அப்புறம் வக்கீல் நோட்டீஸ். டிரஸ்டின் மூலப் பத்திர நகலை சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் வாங்குங்கள். "ஜரதுஷ்டிர மதத்தைப் பின்பற்றும் பார்சிகள்" என்பது போல ஏதாவது இருந்து, கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால், இல்லாத விதியை அறங்காவலர்கள் போட முடியாது என்று வாதாட இடம் இருக்கிறது. அங்குள்ள சிவில் நீதிமன்றத்தில், அம்மா பார்சி ஜரதுஷ்டிரர்தான் என்ற விளம்புகையும் (நீதிமன்ற அறிவிப்பு) இடைக்காலத் தடையுத்தரவும் கேட்டு வழக்குப் போடலாம். குஜராத்தில் 2012 தீர்ப்பு குறுக்கே நிற்கும், மறைக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் மதத்தைத் தொடர்ந்தாரா என்பது விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதற்கு அந்தத் தீர்ப்பிலும் இடம் இருக்கிறது. அந்தச் சான்றுகள் அங்கேதான் உதவும்.

உங்கள் நவ்ஜோத் ஆசைக்கு வருகிறேன். நவ்ஜோத் செய்துகொள்ள எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை. வெளியே கல்யாணம் செய்த பெண்களின் பிள்ளைகளுக்குச் செய்துவைக்கும் குருமார்கள் மும்பையிலேயே இருக்கிறார்கள். புனேயில் 2017-இல் தொடங்கிய ஆஷா வஹிஷ்டா, எல்லோரையும் உள்ளே விடும் வழிபாட்டு இடம். ஆனால் அதை வைத்துப் பழைய டிரஸ்டுகளின் அக்கினிக் கோயிலில் உரிமை கேட்டால், மேலே சொன்ன 1908 பட்டியலைத்தான் நீட்டுவார்கள். அம்மாவின் வழக்கைவிட உங்கள் வழக்கு கடினம். 1941 கணக்கெடுப்பில் 1,14,890 பேராக இருந்த சமூகம் 2011-இல் 57,264 ஆகிவிட்டது. இப்படிக் குறைந்த பிறகும், தானாக வந்து கதவைத் தட்டும் ஒரு பெண்ணை வெளியே நிறுத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆசை உண்மையானது என்றால் நவ்ஜோத் செய்துகொள்ளுங்கள், ஒரு வழக்குக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று செய்யாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவும் அப்பாவும் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்ததால், அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு வாரிசுரிமையை மாற்றிவிடுகிறது. அம்மாவின் சொத்துக்குப் பார்சி விதிகள் பொருந்தாது. அப்பாவின் சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டமும் பொருந்தாது. இருவருக்குமே 1925 சட்டத்தின் பொது விதிகள்தான். உயில் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இது பிடிக்காவிட்டால் இருவரும் உயில் எழுதிவிடட்டும்.

மாமா அனுப்பிய பத்திரத்தைக் கிழித்துப் போடாதீர்கள். அது வந்த உறை, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தாயின் காரியத்தைக் காட்டி மகளிடம் கையெழுத்துக் கேட்டதற்கு அதுவே அத்தாட்சி. அஞ்சுமனுக்குப் போகும் கடிதத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள்.