தண்டப்பணம் கட்ட முடியாவிட்டால் சிறைதானா?

தண்டப்பணம் கட்ட வழியில்லாத உங்கள் தம்பியைச் சிறைக்குத்தான் அனுப்புவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயமில்லை. இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின்படி, சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூகப் பணி செய்யுமாறு நீதவான் கட்டளையிடலாம். 'லாம்' என்பதைக் கவனியுங்கள்: அது அவருடைய தற்றுணிபு, அதாவது அவரே தீர்மானிக்கும் விஷயம். சட்டத்தரணி வாய் திறந்து கேட்க வேண்டும். கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் திங்கட்கிழமைக் காலையில் வழக்குகள் ஓடும் வேகத்தைப் பார்த்தவருக்கு ஏன் என்று புரியும்.

சீர்திருத்த உத்தியோகத்தர் வீட்டு நிலைமை, தொழில், போதைப் பழக்கம் எல்லாவற்றையும் விசாரிப்பார். மறைக்க வேண்டாம், தேவையான ஆலோசனையும் அந்த வழியாகவே கிடைக்கும்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் மீன் வண்டி தள்ளும் ஒருவர், இப்படியொரு கட்டளையின்படி சனிக்கிழமைகளில் பாடசாலை வளவில் புல் வெட்டினார். முதல் வாரம் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். மூன்றாம் வாரம் காவலாளியோடு பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். மற்ற நாள்களில் வண்டி ஓடியது, வீட்டில் அடுப்பும் எரிந்தது. அவரையே வெலிக்கடைக்கு அனுப்பியிருந்தால்? 1841இல் எழுந்த அந்தச் சிறையில், நெரிசலில் ஒருக்களித்துப் படுத்தபடி, போதை வியாபாரிகளின் சகவாசத்தைத்தான் சம்பாதித்திருப்பார்.

கட்டளையை மீறினால் மறுபடியும் நீதிமன்றம்தான். காய்ச்சலென்று ஒரு நாள் போக முடியாவிட்டாலும், உத்தியோகத்தருக்கு அன்றே அறிவிக்கச் சொல்லுங்கள். மருத்துவச் சான்றிதழையும் எடுத்து வைக்கட்டும்.