பத்திரத்தில் பெயர் எழுதிய வைரஸ்

கேள்வி: எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுபவர்களின் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தென்படாமல் போனாலும், அது உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கிறது என்கிறார்களே, எங்கே?

பதில்: ஒளிந்திருக்கிறதாவது! திருடன்தான் ஒளிவான். வீட்டுப் பத்திரத்திலேயே தன் பெயரை எழுதிக்கொண்டவன் கூடத்தில் கால் நீட்டிப் படுப்பான். எச்.ஐ.வி. அந்த ரகம். சி.டி.4 என்ற வெள்ளணுவுக்குள் புகுந்து, அதன் டி.என்.ஏ.வில் தன் மரபணுவைச் சேர்த்து எழுதிவிடுகிறது. அப்புறம் அந்த அணு ஓய்வுக்குப் போனால் வைரஸும் தூங்கும். மாத்திரை வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும். தூங்குவதை ஒன்றும் செய்யாது.

அது பிடித்த இடத்தைப் பாருங்கள்: பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் அணு. ஆண்டுக்கணக்கில் வாழ்வதுதான் அதன் உத்தியோகமே. ஓய்விலிருக்கும் பத்து லட்சம் அணுக்களில் ஏறக்குறைய ஒன்றில்தான் மறுபடி கிளம்பக்கூடிய வைரஸ் இருக்கும். மாத்திரையோடு அது தானாகத் தேய்ந்து தீர 70 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். போதாததற்கு, அணு இரண்டாகப் பிரிந்தால் வைரஸுக்கும் இலவசப் பிரதி. முகவரிதான் வேண்டுமென்றால்: நிணநீர்க் கணுக்கள், குடல் சுவர், மண்ணீரல், மூளையிலும் உண்டு.

இந்தத் தூக்கம் 1997லேயே தெரிந்த சங்கதி. ஆனாலும் தலைப்பு போடும் நம் சகாக்களுக்கு அவ்வப்போது ‘எய்ட்ஸுக்கு முற்றுப்புள்ளி’ என்று எழுதாவிட்டால் சோறு இறங்காது. அவர்களோடு எனக்குள்ள பங்காளிச் சண்டை வாசகர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கப்பட்ட ஒரு குழந்தை குணமாகிவிட்டதாக 2013இல் ஒரே அமர்க்களம். மருந்தை நிறுத்தி 2 ஆண்டுக்கு மேல் வைரஸ் தலைகாட்டவில்லை என்பது உண்மைதான். 2014இல் திரும்பி வந்தது. முற்றுப்புள்ளி வைத்த புண்ணியவான்களில் எத்தனை பேர் அதைக் காற்புள்ளியாகத் திருத்தினார்கள்?

நிஜமாகவே முதன்முதலில் குணமானவர் திமோதி ரே பிரவுன். ரத்தப் புற்றுநோய்க்காக 2007இல் பெர்லினில் அவருக்கு, ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை இன்னொருவரிடமிருந்து வாங்கி மாற்றினார்கள். கொடுத்தவரின் அணுக்களில், எச்.ஐ.வி. நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 கதவே இல்லை. உயிரைப் பணயம் வைக்கும் சிகிச்சை அது, எச்.ஐ.வி.க்காக மட்டும் எந்த டாக்டரும் அதில் கை வைக்க மாட்டார்.

ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மறுபடி ஏறிவிடும். ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் அது இன்னொருவருக்குத் தொற்றாது. இதற்கு மட்டும் முதல் பக்கத்தில் இடம் கிடைப்பதில்லை.