முருங்கையில் கம்பளிப்பூச்சி: மரத்தை வெட்ட வேண்டுமா?

பெங்களூரு அல்சூரில் வீட்டு முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கிறது, அக்கம்பக்கத்தார் வெட்டச் சொல்கிறார்கள், வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இவை யூப்டெரோட் மொல்லிஃபெரா என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள். தாய்ப்பூச்சி பெரியது, வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். முட்டைகளைக் குவியலாக இடுவதால்தான் புழுக்களும் கூட்டமாகவே இருக்கின்றன. பகலில் அடிமரத்தில் ஒட்டிக் கிடக்கும். இரவானால் மேலேறி இலைகளைத் தின்னும், பட்டையையும் சுரண்டும். வளர்ந்ததும் இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். மழைக்குப் பின் அந்துப்பூச்சியாக வெளிவரும். பெங்களூருக்கோ இரண்டு பருவமழையும் உண்டு!

பகலில் கும்பலாக இருப்பது உங்களுக்கு வசதி. நீளக் கழியில் துணி சுற்றி, அவற்றைச் சோப்புத் தண்ணீர் வாளியில் வழித்துத் தள்ளுங்கள். ஊரில் தீப்பந்தம் காட்டுவார்கள். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே அது ஆபத்து, பட்டையும் வெந்துவிடும். கீரை பறிக்கும் மரத்தில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெளியே வரும், மைனாக்கள் பார்த்துக்கொள்ளும்.

கம்பளிப்பூச்சி உடம்பில் பட்டால் தேய்க்காதீர்கள். செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் முடிகள் வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

இலை முழுவதும் போனாலும் முருங்கை மறுபடி துளிர்க்கும். வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் பக்கம் நீளும் கிளையை மட்டும் கழித்துவிடுங்கள்.