கூரைப் பீலி நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் காப்புறுதிப் பணம் கிடைக்குமா?

பெருமழையில் கூரைப் பீலி நிரம்பி மேல்மாடி அறைக்குள் தண்ணீர் இறங்கியதாகவும், "பீலி நிரம்பியதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள்" என்று காப்புறுதி முகவர் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முகவர் வாயால் சொன்னதை நிறுவனத்தின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், மறுப்பதானால் அவர்களும் எழுத்திலேயே மறுக்கட்டும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் முதலில் கிடைத்தது இதே பதில்தான் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

உங்களுடையதும் நாற்புறமும் கைப்பிடிச் சுவர் எழுப்பி, கூரைத் தகடுகள் வெளியே தெரியாதபடி மறைத்துக் கட்டிய வீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கொழும்பில் இப்போது யாரைக் கேட்டாலும் அந்த அமைப்பைத்தான் விரும்புகிறார்கள். பழைய ஓட்டு வீட்டில் பீலி கூரைக்கு வெளியே தொங்குவதால், நிரம்பினாலும் தண்ணீர் முற்றத்தில் கொட்டிவிடும். மறைத்துக் கட்டிய கூரையிலோ பீலி சுவருக்கு உட்புறத்தில் கிடப்பதால், தேங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தகட்டின் ஓரத்துக்கு மேல் எழும்பி நேராகச் சீலிங்கில் இறங்குகிறது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் அரை மணித்தியாலம் பெய்தாலே 5,000 லீற்றர் தண்ணீர் பீலியிலிருந்து கீழிறங்கும் ஒற்றைக் குழாயால் இறங்கியாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் கொட்டும் இடிமழைக்கு இந்த வேகம் புதிதல்ல. 1992 யூன் மாதத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கண்ட நகரம் இது.

ஆகவே முதலில் மேசனை அழைத்து, பீலியின் உள்விளிம்பைவிடத் தாழ்வான மட்டத்தில் கைப்பிடிச் சுவரைத் துளைத்து ஒரு குழாயை வெளியே நீட்டச் சொல்லுங்கள். கீழிறங்கும் குழாய் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் அந்த வழியால் வெளியே பாயும். அது பாய்வதைக் கண்டதும் உங்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும். இரண்டாவது இறங்கு குழாய் போட முடிந்தால் இன்னும் நல்லது. மார்ச்சிலும் செப்டெம்பரிலும், அதாவது மழைக்காலங்களுக்கு முன்னரே, பீலியைத் துப்புரவாக்கி, செய்தவரிடம் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். பீலியில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்கையும் சந்திக்க நேரும் என்பதால், இந்தச் செலவை வீண்செலவு என்று யாரும் சொல்ல முடியாது.

எங்களை அந்தப் பற்றுச்சீட்டுதான் காப்பாற்றியது. பக்கத்து வளவில் ஒரு தொடர்மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சீமெந்துக் குழம்பு எங்கள் கூரையிலும் காரிலும் சிந்துகிறது என்று ஒப்பந்தக்காரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருந்தேன், பதில் வரவில்லை. (மாநகர சபைக்கும் முறையிட்டோம். ஒருவர் வந்து, கீழே நின்றபடி அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.) ஒக்டோபரில் ஒரு பின்னேர மழையில் மேல்மாடி மின்விளக்கின் அடியால் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. மறுநாள் காலை கூரையில் ஏறிய மேசன் பாஸ் கூப்பிட்டுக் காட்டினார். பீலியின் வாயில் சாம்பல் நிறச் சீமெந்து இறுகிக் கிடந்தது. அதற்குள் பச்சை நிறப் பாதுகாப்பு வலையின் நார்களும் கம்பி கட்டும் துண்டுக் கம்பிகளும் புதைந்திருந்தன. உடனே உடைக்கப் போனவரைத் தடுத்து, எல்லாக் கோணத்திலும் புகைப்படம் எடுத்த பின்னரே உளியை வைக்க விட்டேன். பெயர்த்தெடுத்த கட்டியையும் ஒரு பையில் போட்டு வைத்தேன். பாஸுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து சீலிங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், பீலி அடைத்தால் அது பராமரிப்புக் குறை, மழைச் சேதம் என்று எழுத முடியாது" என்றார். மறுப்புக் கடிதத்திலும் தேய்மானம், படிப்படியான பழுது ஆகியவற்றை விலக்கும் பிரிவையே காட்டியிருந்தார்கள். செப்டெம்பரில் துப்புரவாக்கிய பீலி சில வாரங்களுக்குள் வேறொருவருடைய சீமெந்தால் அடைபட்டதைப் படிப்படியான பழுது என்று எப்படிக் கொள்வீர்கள் என்று கேட்டுப் பதில் எழுதினேன். பற்றுச்சீட்டு, ஒப்பந்தக்காரருக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி, புகைப்படங்கள், வளிமண்டலவியல் திணைக்களத்திடம் பெற்ற அன்றைய மழைவீழ்ச்சி அறிக்கை எல்லாவற்றையும் கூடவே இணைத்தேன். இழுபறிக்குப் பின்னர் சீலிங், வர்ணப்பூச்சு, மின்வேலை, ஊறிப்போன அலுமாரி ஆகியவற்றுக்குப் பணம் தந்தார்கள். பீலியைத் திருத்திய செலவைத் தரவில்லை. அதை நான் எதிர்பார்க்கவுமில்லை.

நான் சட்டத்தரணி அல்ல, ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாப் பத்திரங்களும் ஒரே மாதிரி எழுதப்பட்டவையும் அல்ல. தீக் காப்புறுதி மட்டும் எடுத்து, புயல், வெள்ளம் முதலியவற்றைச் சேர்க்காமல் விட்டிருந்தால் நான் சொல்வது எதுவும் உங்களுக்கு உதவாது. "வெளிநாட்டில் இப்படி அலைக்கழிக்க மாட்டார்கள்" என்று யாராவது எழுதக்கூடும். ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனரின் வீட்டில், உள்ளிருந்து கசியும் வெப்பத்தால் கூரைப் பனி உருகி, குளிர்ந்த ஓரத்தில் மறுபடி உறைந்து அணைபோல மறித்ததில், பின்னால் தேங்கிய தண்ணீர் சீலிங்கில் இறங்கியது. அங்கும் முதலில் கேட்டது, கூரைக்கு உட்புறம் வெப்பக்காப்பு ஒழுங்காகப் போட்டிருந்தீர்களா என்றுதான்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. 2021இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்து மூடை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. அதற்கு முன்னர் குறித்த காப்புறுதித் தொகையை அப்படியே புதுப்பித்து வருபவர்களின் வீடு இன்று குறைத்தே காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது. திரும்பக் கட்ட நான்கு கோடி செல்லும் வீட்டை இரண்டு கோடிக்குக் காப்புறுதி செய்திருந்தால், ஆறு இலட்சம் ரூபாய்ச் சேதத்துக்கும் அதே விகிதத்தில் மூன்று இலட்சத்தையே கணக்கிடுவார்கள். கழிவுத் தொகையை, அதாவது சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய பங்கை, அதிலிருந்தும் வெட்டுவார்கள். வங்கிக் கடனுக்காக எடுத்த காப்புறுதியானால், அது கடன் தொகைக்கு மட்டும் எடுக்கப்பட்டதா என்றும் பாருங்கள்.

இறுதி மறுப்பு எழுத்தில் வந்தால் காப்புறுதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை. ஏன் நேரடியாக ஒப்பந்தக்காரரைப் பிடிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: அவர்களிடமும் மூன்றாம் தரப்புச் சேதத்துக்கான காப்புறுதி இருக்கக்கூடும், நானும் கேட்டேன், பத்திரத்தைக் கண்ணில் காட்டவே இல்லை. எனக்குத் தந்த பணத்தை அவர்களிடமிருந்து அறவிடும் உரிமை இப்போது என் காப்புறுதி நிறுவனத்துக்கு இருக்கிறது. எனக்கு வெட்டிய கழிவுத் தொகையையும் பீலி திருத்திய செலவையும் கேட்டு நான் தனியாகக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இம்முறை சட்டத்தரணி மூலம்.