படகிலிருந்து பார்க்க வேண்டிய பாரிஸ் சிலைகள்

கேள்வி: பாரிஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். செய்ன் நதியில் ஒரு மணி நேரப் படகுப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறான். எனக்குச் சிற்பங்கள் என்றால் உயிர். எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?

பதில்: கண்ணாடிக் கூரைக்குள் மட்டும் உட்காராதீர்கள் அம்மா. திறந்த தளத்தில், கடைசி வரிசையில் இடம் பிடியுங்கள். பாலத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. முன்னால் உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

எல்லோரும் ஈஃபில் கோபுரத்தைப் படம் எடுக்கட்டும், நீங்கள் பாலங்களைப் பாருங்கள். போன் நெஃப் 1607-இல் கட்டி முடித்த பாலம். அதன் விளிம்புக்குக் கீழே வரிசையாக 380-க்கும் மேற்பட்ட கல் முகங்கள். தாடிக்காரர், வாயைப் பிளந்தவர், முறைப்பவர் என்று ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. பாலத்தின் மேல் நடப்பவர்களுக்கு அவை கண்ணில் படாது. மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தின் நடுவே இருக்கும் செப்புத் தேவதைகளும் அப்படித்தான். ஒரு பக்கம் செய்ன், மறுபக்கம் ரஷ்யாவின் நேவா என இரண்டு நதிகளின் உருவங்கள். இவற்றைப் பார்க்க வேண்டிய இடம் தண்ணீர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தவர் அல்மா பாலத்தடியில் நிற்கும் சுவாவ். வட ஆப்பிரிக்காவில் உருவான பிரெஞ்சுப் படையின் வீரர், தொளதொள கால்சட்டையோடு தூணை ஒட்டி நிற்கிறார். கிரிமியப் போரின் நினைவாக 1856-இல் திறந்த பழைய பாலத்தில் நான்கு வீரர்கள் இருந்தார்கள். 1970-களில் பாலத்தை மாற்றிக் கட்டியபோது மற்ற மூவரும் வேறு இடங்களுக்குப் போய்விட, இவர் மட்டும் தங்கிவிட்டார். ஆற்றில் வெள்ளம் வந்தால் பாரிஸ்காரர்கள் இவரைத்தான் பார்ப்பார்கள். 1910 பெருவெள்ளத்தில் தோள்வரை தண்ணீர். 2018 ஜனவரியில் தொடைக்கு ஏறியபோது சுற்றுலாப் படகுகளை நிறுத்திவிட்டார்கள், பாலத்துக்கு அடியில் படகு நுழைய இடம் போதாது. அதனால் மழைக்காலத்தில் போவதாக இருந்தால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தூர்னெல் பாலம். உயரமான தூணின் மேல், பாரிஸின் காவல் புனிதர் ஜெனவியேவ். செதுக்கியவர் போல் லாந்தோவ்ஸ்கி, பிரேசிலின் ரியோ நகரில் மலைமேல் கைவிரித்து நிற்கும் இயேசுவையும் வடித்தவர். புனிதர் நோத்ருதாம் தேவாலயத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். கிழக்கே திருப்பி வைத்துவிட்டார்கள். நோத்ருதாம் பக்கமிருந்து வரும் படகில் முதுகுதான் தெரியும். பாலத்தைக் கடந்ததும் திரும்பிப் பாருங்கள். அவர் முன்னால் ஒரு குழந்தை, அதன் கையில் ஒரு கப்பல். பாரிஸ் நகரச் சின்னத்திலும் கப்பல்தான்.

கேள்வி: பாரிஸிலும் ஒரு சுதந்திர தேவி இருக்கிறாளாமே?

பதில்: இருக்கிறாள். கிரெனெல் பாலத்தருகே ஒரு குறுகிய தீவின் முனையில், சுமார் 11.5 மீட்டர் உயரத்தில். பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கர்கள் 1889-இல் கொடுத்த பரிசு. கையில் உள்ள பலகையில் அமெரிக்க விடுதலை நாளோடு பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ந்த நாளும் இருக்கும். முதலில் நகரத்தைப் பார்த்து நின்றவளை 1937-இல் மேற்கே, நியூயார்க் திசைக்குத் திருப்பினார்கள். சில படகுகள் ஈஃபில் கோபுரத்தோடு திரும்பிவிடும். அந்தத் தீவுவரை போகுமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.