டிசம்பர் 26: ஒரே திகதி, பல கணக்கு

வருடக் கடைசியில் எங்கள் வாசிகசாலையில் ஒரு திகதியைத் தெரிவு செய்து, அதைப் பற்றிக் கேள்விகள் எழுதிப் பெட்டியில் போடுவது சில காலமாக நடக்கிறது. பதில் சொல்லும் வேலை என் தலையில். முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்த பாவம்! இந்த முறை எல்லோரும் கேட்டது டிசம்பர் 26. 2004 சுனாமி அடித்த மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு அந்தத் திகதியை எத்தனை வருடம் தள்ளிப் போடுவது? சரி, தொடங்குவோம்.

கேள்வி (கல்லடி): சேர், சென்னையில் இருக்கிற என் மச்சான் சுமாத்திரா நிலநடுக்கம் காலை 6.29க்கு என்கிறார். எங்கட பழைய பத்திரிகையில் 6.59 என்று இருக்கிறது. எது பிழை?

இரண்டும் சரி. நிலநடுக்கம் உலக நேரப்படி 0 மணி 58 நிமிடம் 53 வினாடிக்கு நடந்தது. இந்தியா அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால் அவர்களுக்கு 6.29. நாங்கள் அப்போது ஆறு மணி நேரம் முன்னே இருந்தோம். மறந்துவிட்டதா? 1996இல் கரண்ட் தட்டுப்பாட்டில் மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்தார்கள். அந்த அரை மணி 2006 ஏப்ரல் வரை இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே தொடர்ந்தது. அதனால் 2004இல் வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் படுவான்கரையில் இன்னொரு நேரம். கலியாண வீட்டுக்காரர் "பழைய நேரமா, புதிய நேரமா" என்று கேட்டுத்தான் முகூர்த்தம் குறிப்பார்கள். அந்தக் காலத்துச் சாட்சியம் எதைப் படித்தாலும் சொன்னவர் எந்தக் கரையில் இருந்தார் என்று பார்த்துவிட்டுத்தான் நேரத்தை எழுத வேண்டும். நான் இதைக் கவனிக்காமல் ஒரு நினைவு மலரில் பிழையாக எழுதி, பிறகு வெட்கப்பட்டிருக்கிறேன்.

கேள்வி (திருக்கோவில்): 9.25க்கு ஏன் மௌன அஞ்சலி? எங்களுக்குக் கடல் அதற்கு முதலே வந்துவிட்டதே ஐயா.

வந்துவிட்டது. கிழக்குக் கரைக்கு அலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் வந்தது. பிறகுதான் தெற்கைச் சுற்றிக்கொண்டு காலிப் பக்கம் போனது. காலி மாவட்டத்துப் பெரலியவில் ரயிலை அலை மூடியது ஒன்பதரை மணியளவில். 9.25 முதல் 9.27 வரை என்பது நாடு முழுவதற்கும் வைத்த ஒரே நேரம். தேசிய பாதுகாப்பு தினம் என்ற பெயரில் 2005இலிருந்து நடக்கிறது. இதில் இன்னொன்று. மணிக்கூடு 2006இல் அரை மணி பின்னே போனதால், இன்றைய 9.25 அன்றைய 9.55. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போனது அதற்கு ஒரு மணி நேரம் முந்தி. கோயிலிலோ பள்ளியிலோ முன்கூட்டியே மணி அடிக்கிற ஊர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி (ஆரையம்பதி, ஒரு அம்மா): மகன், எங்கட வீட்டில் மூன்று பேர். திவசத்தைத் திகதிக்குச் செய்வதா, திதிக்குச் செய்வதா? ஐயர் ஒன்று சொல்கிறார், பிள்ளைகள் வேறொன்று சொல்கிறார்கள்.

அம்மா, இதற்கு நான் ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் நாட்கலண்டர் ஒன்று தொங்கியது. 26ஆம் திகதி விடிய 25ஐக் கிழித்திருந்தேன். மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் கலண்டர் அதே ஆணியில் இருக்கிறது. அடியில் மிச்சம் ஐந்து தாள், உப்புத் தண்ணீர் குடித்து அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. மேல் தாளின் சிவப்பு எழுத்து 27இன் கறுப்பு எழுத்துக்குள் ஊறியிருந்தது. சிவப்பு ஏன்? அன்று ஞாயிறு, போயாவும் (பூரணை விடுமுறை) கூட. தமிழில் தாரண வருடம், மார்கழி 11, பூரணை. திருவெம்பாவைக் காலம். விடியச் சங்கு ஊதிக்கொண்டு போன பிள்ளைகளின் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆக உங்கள் வீட்டுத் திதி மார்கழிப் பூரணை. அது ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 26இல் நிற்காது. 2005இல் பூரணை டிசம்பர் 15க்கே வந்துவிட்டது. சில வருடம் தமிழ் மாதத்தின் விளிம்பில் விழும். அப்போது வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒத்துப்போகாது, ஐயர்மாரும் ஒத்துப்போகமாட்டார்கள். ஆனால் 19 வருடத்துக்கு 235 சந்திர மாதம் ஏறக்குறையச் சரியாக அடங்கும். அதனால்தான் 2023இல் போயாவும் டிசம்பர் 26உம் மறுபடி ஒரே நாளில் வந்தன. அந்த வருடம் நாவலடிக் கரையில் நின்றவர்கள் நிலவைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தது 2042ஐ அண்டி வரும், நான் இருக்கமாட்டேன், பிள்ளைகள் குறித்து வைக்கட்டும்.

என்னைக் கேட்டால், படையல் திதிக்கு, கடற்கரைக்குப் போவது திகதிக்கு. எங்கள் வீட்டில் அப்படித்தான். இரண்டு நாள் சமைப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

கேள்வி (காத்தான்குடி): சேர், இஸ்லாமியக் கணக்கில் அது எந்த நாள்?

ஹிஜ்ரி 1425, துல்கஃதா மாத நடுப்பகுதி. பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் வரும். சந்திர வருடம் ஏறக்குறைய 11 நாள் குறைவு, ஆகவே துல்கஃதா நடுப்பகுதி மறுபடி டிசம்பர் கடைசிக்கு வர 2037 அளவில் ஆகும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. குஜராத் நிலநடுக்கம் 2001 ஜனவரி 26, ஈரான் நிலநடுக்கம் 2003 டிசம்பர் 26, சுனாமி 2004 டிசம்பர் 26, மும்பை வெள்ளம் 2005 ஜூலை 26, மும்பைத் தாக்குதல் 2008 நவம்பர் 26. 26 ராசியில்லாத எண்ணாம். அன்றைக்குக் கடலுக்குப் போகவேண்டாம் என்று அம்மா சொல்கிறா.

தம்பி, ஐந்து திகதியும் உண்மை. பொய்யை அனுப்பினால் ஒரு வரியில் அடித்துவிடலாம், உண்மையை வைத்துக் கோத்த பொய்க்குத்தான் நேரம் எடுக்கும்.

இன்னும் பயமுறுத்தட்டுமா? ஈரானில் பாம் நகரம் குலுங்கியது உள்ளூர் நேரம் காலை 5.26க்கு. உலக நேரத்துக்கு மாற்றினால் 1.56. சுமாத்திரா அடுத்த வருடம் 0.58. சரியாக ஒரு வருடத்துக்கு ஒரு மணி நேரம்தான் குறைவு. பாமில் இறந்தவர்களும் ஏறக்குறைய 26 ஆயிரம் பேர். நல்ல காலம், செய்தியை அனுப்பியவர் இதைக் கவனிக்கவில்லை.

இனி 23ஐப் பாருங்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் எழுதினேன். 1556 ஜனவரி 23 சீனாவில் ஷான்சி நிலநடுக்கம், எட்டு லட்சம் பேருக்கு மேல் இறந்ததாகச் சொல்லப்படுவது. 1964 டிசம்பர் 23 அதிகாலை தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. 1978 நவம்பர் 23 எங்கள் மட்டக்களப்புச் சூறாவளி. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இராணுவத்தின் மீது புலிகளின் தாக்குதல், அதன் பின்னால் வந்த கலவரம். எங்களைக் கேட்டால் 23தான் மோசம் என்று சொல்லவேண்டும், இல்லையா? 78இல் தென்னந்தோப்பெல்லாம் ஒரே திசையில் சீவி விட்டது மாதிரிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அதற்காக 23ஆம் திகதிகளில் நான் வீட்டுக் கூரையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை. வருடத்துக்குப் பன்னிரண்டு 26 வருகிறது, பெரும்பாலானவற்றில் ஒன்றும் நடப்பதில்லை, அதை யாரும் செய்தியாக அனுப்புவதுமில்லை.

அம்மா சொல்வதை மட்டும் தட்டவேண்டாம். அவவுடைய பயம் எண்ணைப் பற்றியது இல்லை. அன்றைக்கு ஒரு நாள் வலையைக் காயப் போடுங்கள்.

கேள்வி (பொத்துவில்): 2004க்கு முதல் எங்கட கடலுக்கு இப்படி வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே. 1883 ஓகஸ்ட் 26 பிற்பகல் (பாருங்கள், இதுவும் 26!) இந்தோனேசியாவில் கிரக்கட்டோவா எரிமலை வெடிக்கத் தொடங்கி, மறுநாள் காலை பெரிய வெடிப்பு நடந்தது. கிளம்பிய அலை இலங்கைக்கும் வந்தது. காலியில் கடல் பின்வாங்கித் திரும்பியது. அறுகம்குடாவில் மணல்திட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் அலையில் அகப்பட்டு இறந்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரே ஒரு உயிர் என்பதால் ஊர் மறந்துவிட்டது. நூற்றிருபத்தொரு வருடம் என்பது நாலு தலைமுறை. பாட்டி சொன்ன கதையைப் பேத்தி சொல்லாமல் விட அது போதும். கடல் உள்ளே வாங்கினபோது மீன் பொறுக்க ஓடிய பிள்ளைகளை நினைத்தால் இந்த மறதிதான் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

கேள்வி (வாழைச்சேனை, கிரிக்கெட் கழகப் பொடியன்கள்): பொக்சிங் டே என்றால் குத்துச்சண்டையா சேர்? முரளியின் கதையையும் சொல்லுங்கோ.

குத்துச்சண்டை இல்லை. நத்தார் முடிந்த மறுநாள் வேலையாட்களுக்கும் ஏழைகளுக்கும் பெட்டியில் போட்டுக் கொடுக்கிற ஆங்கிலேய வழக்கம். கிறிஸ்தவர்களுக்கு அது புனித ஸ்தேவானின் திருநாள்.

முரளி: 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். நடுவர் டரல் ஹெயர், முரளி பந்தை எறிகிறார் என்று மூன்று ஓவருக்குள் ஏழு தடவை நோ போல் கொடுத்தார். அணித்தலைவர் அர்ஜுன வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். பிறகு முரளி மறுமுனையிலிருந்து வீசினார், அந்த முனை நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. இதைத்தான் நான் வகுப்பில் உதாரணமாகச் சொல்வேன்: ஒரே கை, ஒரே பந்து, பார்க்கிற முனை வேறு. பிறகு 2005இல் முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக விதி வந்தது. 2010இல் 800ஆவது விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார்.

சுனாமி அன்று எங்கள் அணி நியூசிலாந்தில் ஆடியது. மிச்ச ஆட்டங்களை அப்படியே நிறுத்தினார்கள்.

கேள்வி (செங்கலடி, உயர்தர மாணவி): சோவியத் ஒன்றியம் முடிந்தது டிசம்பர் 25ஆ, 26ஆ? பரீட்சைக்கு எதை எழுத?

1991 டிசம்பர் 25 கொர்பச்சோவ் பதவி விலகி, கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. 26 மேல்சபை கூடி, ஒன்றியம் இல்லை என்று தீர்மானம் போட்டது. "கலைக்கப்பட்டது" என்று கேட்டால் 26 எழுதுங்கள் மகள். மறுகா, இதே திகதியில் இன்னொரு சங்கதி. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் பிறந்தநாளை 1925 டிசம்பர் 26 என்று கொண்டாடுகிறது, கான்பூர் மாநாடு. தலைமை வகித்தவர் எங்கள் மொழிக்காரர், சென்னைச் சிங்காரவேலர். மார்க்சிஸ்ட் கட்சியோ 1920 ஒக்டோபர், தாஷ்கண்ட் என்று கணக்கு வைக்கிறது. ஒரு கட்சி உடைந்தால் பிறந்தநாளும் உடையும் போல. மாவோ பிறந்ததும் 1893 டிசம்பர் 26.

கேள்வி (ஏறாவூர்): சூரிய கிரகணம் வந்ததும் அந்தத் திகதிதானே?

ஆம், 2019. யாழ்ப்பாணத்தில் நெருப்பு வளையம். எங்களுக்குக் கடித்த அப்பம்.

கேள்வி (மட்டக்களப்பு நகரம், பழைய படப் பைத்தியம்): சாவித்திரி?

1981 டிசம்பர் 26இல் காலமானார். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும் அண்ணன், அதனால்தான் கடைசிக்கு முன் வைத்தேன்.

கேள்வி (காரைதீவு): சேர், நான் பிறந்தது 2004க்கு முதல், டிசம்பர் 26இல். பெரியம்மா அந்த நாளில் போனா. அதிலிருந்து எங்கட வீட்டில் என் பிறந்தநாளைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை. அந்த நாளில் நல்லது ஏதும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. கணினிக்குப் பாட்டன் என்று சொல்லப்படுகிற சார்ள்ஸ் பபேஜ் 1791இல் உங்கள் நாளில் பிறந்தவர். 1898இல் மரி கியூரியும் கணவரும் ரேடியம் என்ற புதிய தனிமத்தைக் கண்டதாகப் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அறிவித்ததும் அதே நாள்.

அது கிடக்கட்டும். உங்கள் சாதகக் குறிப்பை எடுத்துப் பாருங்கள், பிறந்த நட்சத்திரம் இருக்கும். தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேர்கிற நாள் ஒவ்வொரு வருடமும் இடம் மாறி வரும், பெரும்பாலான வருடம் 26இல் விழாது. எங்கள் ஆட்கள் முன்பு பிறந்தநாள் பார்த்ததே அப்படித்தான். அந்த நாளைக் குறித்துக்கொண்டு அம்மாவிடம் பாற்சோறு கேளுங்கள். குறிப்பு 2004இல் தண்ணீரோடு போயிருந்தால் பிறந்த நேரத்தை எழுதி அனுப்புங்கள், என்னிடம் பழைய பஞ்சாங்கக் கட்டு இருக்கிறது, மேல் தட்டில் வைத்ததால் தப்பியது.